மூலையில் நின்ற சாட்சி

கள்ளக்குறிச்சி கோமுகிக்கரை அறக்கட்டளை மருத்துவமனையின் திசு ஆய்வகத் தலைவர், மருத்துவர் இ. அமலோற்பவம் அவர்கள் முப்பத்திரண்டு ஆண்டுப் பணியை நிறைவு செய்யும் இந்நாளில், அவருடைய ஆய்வகத்தார் வாசித்து வழங்கும் பாராட்டு மடல்

கண்ணாடிச் சில்லில் காலனின் காலடி காணும் கூர்விழிக் கோமகளே! மெழுகுக் கட்டையுள் மறைந்த மெய்யை மெல்லிழையாய் வெளிக்கொணர்ந்த மேதகைப் பெருமாட்டியே! வடக்கனந்தல் வயல்வெளி வளர்த்தெடுத்த வைரமே! இன்னாசி ஐயா ஈன்றெடுத்த இணையில்லாச் செல்வமே! கடிந்து பேசும் நாவுக்குள் கனிந்த நெஞ்சைக் கரந்து வைத்த எங்கள் கண்டிப்பின் களஞ்சியமே! வணக்கம்.

இதே தாளத்தில் இன்னும் நான்கு வரி போனால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். சென்ற ஆண்டு மருத்துவர் நாள் விழாவில் யாரோ "கருணைக் கடலே" என்று தொடங்கியதுமே, அவசர வேலை என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். தேடி வந்து பார்த்தால் ஆய்வகத்தில் விசிறியைப் போட்டுக்கொண்டு பழைய ஸ்லைடு பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஆகவே இந்த முறை ஒரு தந்திரம் செய்திருக்கிறோம். அந்த அலங்கார நாற்காலியில் அமர்ந்திருப்பவர் நீங்கள் அல்லர் என்று வைத்துக்கொள்கிறோம். அமலோற்பவம் என்று ஒரு மருத்துவர் இருந்தார், அவரைப் பற்றிச் சபைக்கு ஒரு கதை சொல்லப் போகிறோம். கதை பாதியில் இருக்கும்போது எழுந்து போகிறவர் எங்கள் ஊர்ப்பக்கம் கிடையாது. மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்ளுங்கள், குத்தும்.

சபையோரே, நம் உடம்பில் காக்ஸ்-2 என்று ஒரு நொதி உண்டு. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். எங்கேனும் புண் உண்டானால் அங்கே அழற்சி என்ற தீயை மூட்டிவிடுவது அதன் வேலை. அந்தச் சூட்டில்தான் புண் ஆறும். ஆறியதும் தீ அணைந்துவிட வேண்டும். சிலருடைய குடலில் அது அணைவதில்லை. ஆண்டுக்கணக்கில் கனன்றுகொண்டே இருக்கும். சாக வேண்டிய செல்கள் சாகாமல் பெருகும், பெருகியவற்றுக்குத் தீனி கொண்டுவரப் புதிய ரத்தக் குழாய்கள் முளைக்கும், கடைசியில் கட்டியாக வந்து நிற்கும். "வெல்லம் காய்ச்சி எறக்கின பொறவு அடுப்ப அணைக்காம வுட்டா, கொட்டாயே பத்திக்கும்ல, அதான் இது" என்பார் அமலோற்பவம். கரும்பு விளைகிற ஊரில் இதைவிட விளக்கமாக யாராலும் சொல்ல முடியாது.

அந்த நொதியைக் கண்ணால் பார்க்க ஒரு வழி இருக்கிறது. அறுவையில் எடுத்த கட்டியை மெழுகில் பதித்து, வெங்காயச் சருகைவிட மெல்லியதாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டிச் சாயம் ஏற்ற வேண்டும். நொதி மிகுந்திருந்தால் கடுங்காப்பி நிறம் வரும். குறைந்திருந்தால் வெளுத்துக் கிடக்கும். சின்னசேலத்திலிருந்தும் வடக்கனந்தலிலிருந்தும் மலையிலிருந்தும் வந்த குடல் கட்டிகளையெல்லாம் அமலோற்பவம் இப்படிப் பல ஆண்டுகளாகச் சாயம் ஏற்றிப் பார்த்துக்கொண்டு வந்தார். அவர் பார்த்த வரையில், கட்டி கறுத்து வந்தவர்களில் நிறையப் பேர் சீக்கிரம் போய்ச் சேர்ந்தார்கள். அதனால் கண்ணாடி கறுத்து வந்த நாளில் எங்கள் ஆய்வகத்தில் மதியச் சோறு யாருக்கும் இறங்காது.

ஆனால் சாயம் பொய்யும் சொல்லும். மருந்து பழசாகிவிட்டாலோ, ஊறவைத்த நேரம் குறைந்துவிட்டாலோ, கறுக்க வேண்டியது வெளுத்துப் போகும். அதற்காக ஒவ்வொரு கண்ணாடியின் மூலையிலும், கட்டாயம் கறுக்கும் என்று முன்பே தெரிந்த இன்னொருவரின் திசுவில் ஒரு சிறு சீவலை ஒட்டிவைப்பார்கள். அது கறுத்திருந்தால்தான் மற்றதை நம்பலாம். ஆய்வக உலகம் அதை கன்ட்ரோல் என்று சொல்லும். அமலோற்பவம் அதற்குச் சாட்சி என்று பெயர் வைத்திருந்தார். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் காதில் அவர் போடுகிற முதல் வசை இதுதான்: "கண்ணாடிய கையில எடுத்தா மொதல்ல சாட்சியப் பாரு. அப்புறமா கேசப் பாரு."

அந்தச் சாட்சி ஒரு மனிதர். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கும் மேலே ஒரு சிற்றூரில் சாமையும் மரவள்ளியும் விளைவித்துக்கொண்டிருந்த சடையன். முற்றிய குடல் கட்டியோடு கீழே இறங்கி வந்தார், அறுவை ஆயிற்று, ஆண்டு திரும்புவதற்குள் இறந்துபோனார். அவர் கட்டியைப்போல் கறுத்த கட்டியை அமலோற்பவம் அதற்கு முன் பார்த்ததில்லை. ஆய்வுக்கு வைத்துக்கொள்ள சடையன் உயிரோடு இருந்தபோதே சம்மதம் தந்திருந்தார். சட்டத்துக்கு அது போதும். அமலோற்பவத்துக்குப் போதவில்லை. பேருந்து ஏறி மலைக்குப் போய், சடையனின் மனைவி சின்னப்பொண்ணுவின் எதிரில் உட்கார்ந்தார்.

"செத்தவரோட சதைய இன்னாத்துக்கு வெச்சிக்கினு இருக்கீங்க, டாக்டரம்மா?" என்று சின்னப்பொண்ணு கேட்டார்.

"மத்தவங்க சீக்கு நெசமா பொய்யான்னு பாக்குறதுக்கு அவருதாம்மா சாட்சி. நீங்க வேணாம்னா இன்னிக்கே எடுத்துட்றேன்."

சின்னப்பொண்ணு கையிலிருந்த மரவள்ளியின் தோலை உரித்து முடித்தார். "ஒரு நெலத் தகராறுல பொய் சாட்சி சொல்லச் சொல்லி அவர மரத்துல கட்டி வெச்சி அடிச்சானுங்க. அப்பக்கூட சொல்லலையே மனுசன். வெச்சிக்கோங்க, நல்லாவே சொல்லுவாரு."

அன்றிலிருந்து எத்தனையோ பேருடைய கண்ணாடியின் மூலையில் சடையன் நின்றார். அவரைச் சீவி ஒட்டுகிற கை மணிமொழியுடையது. மணிமொழி எங்கள் மூத்த டெக்னீஷியன். சின்னசேலத்துக்காரர். மைக்ரோடோம் என்கிற சீவும் எந்திரத்தின் சக்கரத்தை அவர் சுற்றினால் மெழுகு ரிப்பன்போல் நெளிந்து வரும். எந்திரம் பழையது, கை அதைவிட நம்பகமானது. அமலோற்பவம் யாரையாவது பாராட்டிப் பேசினார் என்றால் அது மணிமொழியைத்தான், அதுவும் மணிமொழி இல்லாத நேரமாகப் பார்த்து.

விளக்கின் அடியில்தான் இருட்டு. ஊராருடைய குடலையெல்லாம் சீவிச் சீவிக் கொடுத்த மணிமொழிக்கு ரத்தம் போனபோது, மூலம்தான் என்று தாமே முடிவு செய்துகொண்டு மருந்துக் கடையில் களிம்பு வாங்கிப் பூசிக்கொண்டிருந்தார். முகம் வெளிறி ஒருநாள் ஆய்வகத்திலேயே சாய்ந்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. குடல் புற்றுநோய். கட்டியை எடுத்தார்கள். பக்கத்து நெறிக்கட்டியிலும் நோய் ஒட்டியிருந்தது. மருந்து ஏற்றினார்கள், கூந்தல் மெலிந்தது. நோய் திரும்பி வருமா வராதா என்பதுதான் எல்லோருக்கும் இருந்த கேள்வி.

வியாழக்கிழமைதோறும் சேலத்திலிருந்து வருகிற புற்றுநோய் மருத்துவர் அன்புச்செல்வன், கதவைச் சாத்திக்கொண்டு அமலோற்பவத்திடம் பேசினார்.

"மேடம், அவங்களுக்கு ஆஸ்பிரின் குடுக்கலாமான்னு பாக்குறேன். அந்த நொதிய அடக்குற மாத்திரைதானே. ஆனா ரெண்டு வருஷம் முன்னாடி வயித்துப் புண்ணால ரத்த வாந்தி எடுத்திருக்காங்க. சும்மா தூக்கிக் குடுத்துட முடியாது. காக்ஸ்-2 அடர்த்தியா இருக்கிற கட்டிக்குத்தான் அந்த மாத்திரையால பலன் இருக்குன்னு சில ஆய்வுல சொல்றாங்க. வெளுத்து இருந்தா பலன் கெடையாது, ரத்தப்போக்கு பயம் மட்டும்தான் மிஞ்சும். நீங்க சாயம் போட்டுப் பாத்துச் சொல்லுங்க. அடுத்த வியாழன் முடிவு பண்ணிடுவோம்."

ஆக, கறுத்தால் மாத்திரை உண்டு. வெளுத்தால் இல்லை. இந்தக் கணக்கை அமலோற்பவம் ஆய்வகத்தில் ஒருவரிடமும் சொல்லவில்லை. எந்த நிறம் வேண்டும் என்று தெரிந்துவிட்டால் கண் அந்த நிறத்தையே பார்க்கும் என்பது அவருடைய கொள்கை. பெயரையும் மறைத்து வெறும் எண் போட்டே கண்ணாடியைக் கொடுக்கச் சொன்னார். எண் போட்டு என்ன பயன்? அது யாருடைய எண் என்று வாசலில் பெருக்குகிறவர்வரை எல்லோருக்கும் தெரியும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான்.

மணிமொழி விடுப்பில் இருந்ததால் சாயம் ஏற்றும் வேலை கலையரசனிடம் வந்தது. கலையரசன் கருணாபுரத்துக்காரர். கூலி வேலை செய்யும் வீட்டிலிருந்து படித்து வந்தவர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் மதியம் தண்ணீரைக் குடித்துவிட்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, மறுநாளிலிருந்து தம் டிபன் பாக்ஸில் பாதியை எடுத்து வைத்தவர் மணிமொழி. கலையரசனுக்குக் கல்யாணமாகி இரண்டு குழந்தைகள் ஆன பிறகும் அந்தப் பாதி நிற்கவில்லை. அப்படிப்பட்ட அக்காவின் கண்ணாடி இப்போது அவர் கையில்.

பழுப்புச் சாயத்தைச் சொட்டுவிட்டு, நிறம் ஏறுவதைச் சின்ன மைக்ரோஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஏற வேண்டிய அளவு ஏறியதும் தண்ணீரில் போட்டால் அங்கேயே நின்றுவிடும். கலையரசன் பார்த்துக்கொண்டிருந்தார். நிறம் ஏறத் தொடங்கியது. மெள்ள, ஓரத்திலிருந்து உள்ளே, தேநீர்க் கறை துணியில் பரவுவதைப்போல் ஏறியது. கறுத்தால் என்ன ஆகும் என்பதை ஆண்டுக்கணக்கில் பார்த்தவர் அவர். அதற்குமேல் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. எடுத்துத் தண்ணீரில் போட்டுவிட்டார். மூலையில் சாட்சி இருப்பது அவருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். கண்ணில் நீர் நிற்கும்போது மூலை தெரியாது.

"அக்காவுக்கு வெளுப்புதான்!" என்று அவர் வெளியே வந்து சொன்னதும் ஆய்வகம் ஆய்வகமாக இல்லை. யாரோ ஓடிப்போய் பாதுஷா வாங்கி வந்தார்கள். யாரோ மணிமொழிக்கே போன் போட்டுச் சொல்லிவிட்டார்கள். அறிக்கை எழுதுவதற்கு முன்னால் வாய் திறக்கக்கூடாது என்கிற விதியை அன்றைக்கு ஒருவரும் நினைக்கவில்லை. அமலோற்பவத்தின் மேசையிலும் ஒரு பாதுஷா வைக்கப்பட்டது.

அவர் கண்ணாடியை மைக்ரோஸ்கோப்பில் வைத்தார். அந்த நொடியில் அவர் உள்ளம் எப்படி இருந்தது என்பதை வெகுநாள் கழித்து ஒரு தேநீர் வேளையில் அவரே எங்களிடம் சொன்னார், அதனால்தான் இவ்வளவு துணிந்து சொல்கிறோம். வாழ்நாளில் முதன்முறையாக அவர் சாட்சியைப் பார்ப்பதற்கு முன்னால் கேஸைப் பார்த்தார். வெளுத்திருந்தது. உடம்பெல்லாம் ஒரு நிம்மதி ஓடியது. மாத்திரை வேண்டாம், வயிறும் தப்பித்தது, மூர்க்கமான கட்டியும் இல்லை, மணி பிழைத்துக்கொள்வாள் என்று நினைத்தார். பேனாவின் மூடியையும் திறந்துவிட்டார். ஆனால் கை பழகிய கை. அது தானாகவே கண்ணாடியை மூலைக்குத் தள்ளியது.

சடையனும் வெளுத்திருந்தார்.

எங்கள் மருத்துவரிடம் ஒரு வழக்கம் உண்டு. நல்ல சேதி என்றால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். கெட்ட சேதி என்றால் மைக்ரோஸ்கோப்பின் விளக்கை அணைப்பார். அறை வாசலில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றிருந்த நாங்கள், விளக்கு அணைவதைப் பார்த்தோம். ஒருவர் கையில் பாதி கடித்த பாதுஷா அப்படியே இருந்தது.

அமலோற்பவத்துக்கு ஆசை வரவில்லை என்று சொன்னால் அது பொய். கையெழுத்துப் போட்டால் போதும். ஆய்வகம் முழுக்கச் சிரிக்கிறது, சின்னசேலத்தில் ஒரு வீடு சிரிக்கிறது. யாரும் கேட்கப் போவதில்லை. பேனாவைக் கையில் பிடித்தபடி அவர் உட்கார்ந்திருந்தார். பிறகு மூடியைப் போட்டு மூடினார்.

"கலை, உள்ள வா. சடையன் எப்பப்பா வெளுத்தாரு?"

கலையரசன் உள்ளே வந்து, மைக்ரோஸ்கோப்பில் மூலையைப் பார்த்தார்.

"மருந்து பழசா?"

"இல்ல மேடம்." அவர் குரல் தரையைப் பார்த்தபடி வந்தது. "கறுக்க ஆரம்பிச்சிது. என்னால பாத்துக்கினு இருக்க முடியல. எடுத்துத் தண்ணியில போட்டுட்டேன்."

அமலோற்பவம் கத்துவார் என்று காத்திருந்தோம். அவர் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தாழ்ந்த குரலில் அன்புச்செல்வன் சொன்ன கணக்கை அப்போதுதான் சொன்னார். "நீ அவளுக்கு நல்லது பண்றதா நெனச்சிக்கினு, அவ வாய்க்குப் போற மாத்திரையத் தட்டி வுட இருந்த. நானும் சேந்துதான். ஒங்ககிட்ட சொல்லாம மறைச்சது நான்."

பிறகு அமலோற்பவம் செய்த காரியம் இருக்கிறதே, அதற்குத்தான் இந்த மடல். மணிமொழிக்குத் தாமே போன் போட்டார்.

"மணி, வெளுப்புன்னு சொன்னாங்களே, அது தப்பு. நெசம் இன்னான்னு இன்னும் தெரியாது. சாட்சி வெளுத்துப் போச்சு."

எதிர்முனையில் வீட்டில் யாரோ சிரித்துக்கொண்டிருப்பது மட்டும் கேட்டது. அழப்போகிறார் என்று அமலோற்பவம் நினைத்தார். மணிமொழி கேட்டது வேறு. "மேடம், சடையன் அண்ணன் கட்டையில இன்னும் மிச்சம் இருக்கா?"

அதுதான் எல்லோருக்கும் மறந்துபோன விஷயம். ஆண்டுக்கணக்கில் சீவிச் சீவிச் சடையனின் மெழுகுக் கட்டையில் இருந்த திசு ஏறக்குறையக் கரைந்துவிட்டது. அடியில் ஒட்டிக்கொண்டிருப்பது கிழியாமல் வந்தால் ஒரு சீவல், வராவிட்டால் அதுவும் இல்லை. கறுத்த வேறு கட்டிகள் உண்டு, ஆனால் சாட்சியாக நிற்க அவற்றுக்கு உரியவர்களிடம் நாங்கள் சம்மதம் வாங்கியதில்லை. சடையனும் இல்லாவிட்டால் வியாழக்கிழமைக்குள் நம்பத்தக்க முடிவு சொல்ல முடியாது. அன்புச்செல்வனோ சந்தேகத்தின்பேரில் ரத்தம் கக்கியவருக்கு மாத்திரை கொடுக்கிற ஆள் இல்லை. கலையரசனின் கைகளைப் பார்த்தோம். தண்ணீர் டம்ளரையே அவரால் சிந்தாமல் பிடிக்க முடியவில்லை.

"நான் வரேன் மேடம்" என்றார் மணிமொழி.

மறுநாள் சின்னசேலம் பேருந்திலிருந்து இறங்கித் தலையில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு வந்தார். அமலோற்பவம் வாசலிலேயே மறித்தார். தம் திசுவைத் தாமே தொடக்கூடாது என்பது அவர் வைத்த விதி. விதியை வைத்தவரே அதைத் தாண்டலாமா என்று இரவெல்லாம் யோசித்திருப்பார் போலும். "ஒன்னுத நீ தொடக்கூடாது. சடையனத் தொடலாம். அதோட வெளிய போயிடணும்."

"சரிங்க மேடம்."

கட்டையை ஐஸ் மேல் வைத்துக் குளிர வைத்தார். எந்திரத்தில் பூட்டினார். ஊசி மருந்து ஏற்றி ஏற்றிப் புறங்கை நரம்பெல்லாம் கறுத்துப் போயிருந்தது. சக்கரம் சுற்றியது. முதல் சீவல் சுருண்டு பொடியாக உதிர்ந்தது. அடுத்தது பாதியில் கிழிந்தது. யாரும் மூச்சு விடவில்லை. மூச்சுக் காற்றில் பறந்துவிடும் என்பதாலும்தான். மணிமொழி நிறுத்தினார், கட்டைமேல் வாயை வைத்து மெள்ள ஊதிச் சூடு காட்டினார், மறுபடி சுற்றினார். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு சீவல் கத்தியின் விளிம்பில் வந்து நின்றது. ஈரத் தூரிகையால் அதை ஏந்தி வெந்நீரில் விட்டார். சுருக்கம் நீங்கி அது தட்டையாக விரிந்து மிதந்தது.

"வந்துட்டாரு மேடம்" என்றார். எழுந்து, சொன்ன சொல் மாறாமல், வெளியே போய் பெஞ்சியில் உட்கார்ந்துகொண்டார்.

பிறகு கலையரசன் மணிமொழியின் கட்டையைச் சீவினார். அமலோற்பவம் அவர் தோளுக்குப் பின்னால் நின்றார். சாயம் விட்டதும் நிறம் ஏறியது. கலையரசனின் கை தண்ணீர்ப் பாத்திரத்தின் பக்கம் போகவில்லை. அவர் உதடு மட்டும் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது. நேரம் ஆனது, எடுத்தார்.

அமலோற்பவம் முதலில் மூலையைப் பார்த்தார். சடையன் கறுத்து நின்றார். அதன் பிறகே நடுவில் பார்த்தார். அங்கேயும் அதே கறுப்பு. அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைக்கவில்லை. விளக்கையும் அணைக்கவில்லை. விளக்கு எரிய எரிய வெளியே போய் மணிமொழியின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கறுப்புதான், மணி."

"நல்லதா மேடம், கெட்டதா?"

"ரெண்டும்தான். சீக்கு ஜாஸ்தி வீம்பு புடிச்ச சீக்கு. ஆனா மாத்திரை புடிச்சி நிறுத்துறதுக்கு அதுல ஒரு புடி இருக்கு. பொழச்சிடுவன்னு எழுதிக் குடுக்க என்னால முடியாது. நேத்து வெளுப்புன்னு எழுதியிருந்தா அந்தப் புடியும் இல்லாமப் போயிருக்கும்."

மணிமொழி அப்போதுதான் அழுதார். அமலோற்பவம் அவர் கையைப் பிடித்துக்கொள்ளவில்லை. பிடித்தால் தாமும் அழுதுவிடுவோம் என்ற பயம். பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான்.

வியாழக்கிழமை அன்புச்செல்வன் மாத்திரை எழுதினார், வயிற்றைக் காக்க இன்னொரு மாத்திரையும் சேர்த்து. அதற்கப்புறம் எங்கள் வாழ்க்கை ஒரே பதற்றம். ரத்தப்போக்கு வந்தால் மலம் கறுக்கும் என்பதால், காலையில் வணக்கம் சொல்லவேண்டிய எங்கள் ஆய்வகத் தலைவர் உள்ளே நுழைந்ததும் வேலைக்குத் திரும்பிய மணிமொழியிடம் கேட்கிற முதல் கேள்வி, "வெளிக்கி எப்படிப் போச்சு?" என்பதாகிவிட்டது. பார்வையாளர்கள் இருந்தாலும் கேட்பார். ஒருமுறை அறக்கட்டளைத் தலைவரே பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார், பாவம், கேள்வி தம்மைப் பார்த்துத்தான் என்று நினைத்துப் பதிலும் சொல்லிவிட்டார். ஸ்கேன் எடுக்கிற நாட்களில் மட்டும் ஒரு கேள்வியும் இருக்காது.

இதற்கிடையில் அமலோற்பவம் மறுபடி மலைக்குப் போனார். சடையன் தீர்ந்துவிட்டார் என்று சின்னப்பொண்ணுவிடம் சொல்லவேண்டும். கடைசிச் சீவல் யாருக்காகப் போயிற்று என்பதையும் சொன்னார்.

"முடிஞ்சிட்டாரா?" என்றார் சின்னப்பொண்ணு. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்ப இன்னிக்குத்தான் அவருக்குக் காரியம் முடிஞ்சிது." உள்ளே போய் ஒரு பையில் சாமை அரிசி கொண்டுவந்து கொடுத்தார். "அந்தப் பொண்ணுக்குக் கஞ்சி வெச்சிக் குடுக்கச் சொல்லுங்க. வயித்துக்கு நல்லது."

ஆனால் சாட்சி இல்லாத ஆய்வகம் சாயம் போட முடியாது. கறுக்கும் என்று ஐயமின்றித் தெரிந்த ஒரு திசு வேண்டும். அது எங்கே இருக்கிறது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும், கேட்கத்தான் வாய் வரவில்லை. மணிமொழியே கேட்டார்.

"என்னுதை வெச்சிக்கோங்க மேடம். கறுப்புன்னு நீங்களே கையெழுத்துப் போட்டுட்டீங்களே."

"போடி. உசுரோட இருக்கறவள நான் மூலையில நிக்க வெக்க மாட்டேன்."

"உசுரோட இருக்கற சாட்சிக்குத்தான் மேடம் கோர்ட்டுல மதிப்பு ஜாஸ்தி."

முப்பத்திரண்டு ஆண்டுகளில் அமலோற்பவம் ஒருவரிடம் வாதத்தில் தோற்றதை நாங்கள் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

மருத்துவரே, கதை இத்துடன் முடிந்தது, நீங்கள் மறுபடி நீங்களே ஆகலாம். அறிவில் அளவையும் அன்பில் அளவின்மையும் கொண்ட அம்மையே! வெளுத்ததை வெளுப்பென்றும் கறுத்ததைக் கறுப்பென்றும் மட்டுமே எழுதிய எழுதுகோலே! உங்கள் உடம்பில் எந்த அடுப்பும் வேண்டியபோது மட்டும் எரிந்து, வேண்டாதபோது தானே அணைந்து, நூறாண்டு கடந்தும் நீங்கள் நலமாக வாழ வேண்டும். வேளைக்குச் சாப்பிட வேண்டும். எங்கள் கண்ணாடிகளை வந்து குறை சொல்ல மாதம் ஒருமுறையாவது பேருந்து ஏற வேண்டும்.

இந்த மடலை யார் வாசிப்பது என்று ஒரு வாரம் பேசினோம். நல்ல குரல் உள்ளவர்கள் எங்களில் பலர் உண்டு. கடைசியில், குரல் அவ்வளவு இனிமையில்லாத ஒருவரைத் தேர்ந்தெடுத்தோம். இந்த இடம் வரும்போது தழுதழுக்கக் கூடாது என்று ஒத்திகையில் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருக்கிறோம். அவரைக் காத்தது அந்த மாத்திரைதானா என்று எங்களால் சத்தியம் செய்ய முடியாது, நீங்களும் செய்யவிட மாட்டீர்கள். போன வாரம் எடுத்த ஸ்கேனும் சுத்தம் என்பதை மட்டும் சொல்லலாம். இவ்வளவு நேரம் காகிதத்தைப் பார்த்தே வாசித்த மணிமொழி இப்போது நிமிர்ந்து உங்களைப் பார்க்கிறார். தலை குனியாதீர்கள் மேடம். நீங்கள் கற்றுக்கொடுத்ததுதான். மொதல்ல சாட்சியப் பாருங்க.

இவண்,
உங்கள் வசையில் வளர்ந்த
திசு ஆய்வகத்தார்,
கோமுகிக்கரை அறக்கட்டளை மருத்துவமனை, கள்ளக்குறிச்சி